எதிரே வருகிறவனுக்குத் தலையசைக்கும் முன்

திருத்தங்கல்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன்.

புது வண்டி எடுத்ததையும், மதுரையில் ஒரு ரைடர் குழுவில் சேர்ந்ததையும் போனில் சொன்னாய். எதிரே வரும் ரைடருக்குக் கை காட்ட வேண்டும், ரோட்டில் நின்றுபோனவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது, கூட்டமாகப் போனால் கடைசி ஆள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போக வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்ததையும் சொன்னாய். எங்கும் எழுதி வைக்காத சட்டம் என்றாய். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், “நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்கு மாமா தெரியும்?” என்று கேட்டாய். அதற்குப் பதில் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். வண்டிப் பட்டறையில் கை கறுத்துப்போன ஒருவன் எழுதுகிறான், பொறுமையாகப் படி.

முதலில் அந்தக் கையசைப்பு. நல்ல பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. எதிரே வருகிறவன் நம் இடக்கைப் பக்கமாகக் கடப்பான். ஆக்சிலேட்டர் வலக்கையில் இருப்பதால் இடக்கையைத் தாழ்த்தி இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிரான்சில் கார்க்காரர் ஒதுங்கி வழிவிட்டால், தாண்டும்போது வலக்காலைக் கொஞ்சம் நீட்டி நன்றி சொல்வார்கள். கார் வலப்பக்கம் இருக்கிறது, அந்தக் கையை எடுக்க முடியாது, அதனால் கால். இங்கிலாந்துக்காரர்கள் நம்மைப் போல இடப்பக்கம் போகிறவர்கள். எதிரே வருகிறவன் ஆக்சிலேட்டர் கைப்பக்கம் வருவதால் அவர்கள் தலையை மட்டும் அசைப்பார்கள். நமக்கும் அதுதான் சரி. ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுக்காதே. தலையசைப்பு போதும்.

ஆனால் பெரிய வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான் கை காட்டுவோம் என்றாயே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. காலை ஏழு மணிக்கு ஆமத்தூரிலிருந்து சிவகாசி வரை வண்டியில் வந்து பார். ரோட்டில் போகிற ரைடர் யார்? காலண்டர் பேப்பர் பண்டலை முன்னால் அடுக்கி, கால் வைக்க இடமில்லாமல் முழங்காலை அகட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிற பெரியவர். பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையுமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். பால் கேன்காரர். பிரஸ்ஸில் நைட் ஷிப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு எதிரே வருகிற பையன். ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 வந்தபோது மோட்டார் வண்டி என்பது வசதியானவர் வீட்டுச் சமாச்சாரமாகத்தான் இருந்தது. அந்தச் சின்ன வண்டிதான் சைக்கிள்காரரையும் கூலிக்காரரையும் மோட்டாரில் ஏற்றியது. நம் கரிசல்காட்டு ஊர்களை ஆலையோடும் சந்தையோடும் ஆஸ்பத்திரியோடும் சேர்த்தது அதுதான். அந்தப் பெரியவருக்குத் தலையசைக்காத ரைடர், ரோட்டில் யாருக்குத் தலையசைத்தும் பிரயோஜனமில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இங்கே ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் ஒருவர் கிளம்பினால், “அண்ணே, ஸ்டாண்டு!” என்று தெருவே கத்தும். வளைவில் அது தரையில் இடித்தால் ஆள் தூக்கி எறியப்படுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்சீட்டுப் பெண்ணின் சேலை முந்தானை காற்றில் பறந்தால், முன்பின் தெரியாதவன் வேகமாக வந்து பக்கவாட்டில் சேர்ந்து, “அக்கா, சேலை!” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. இருந்தும் அழகுக்காக அந்தச் சேலைக் கம்பியைக் கழற்றச் சொல்லிப் பட்டறைக்கு வருகிறார்கள். நான் கழற்றித் தருவதில்லை. வேறு கடைக்குப் போகட்டும்.

பகலில் லைட் எரிந்தால் எதிரே வருகிறவர்கள் விரலை விரித்து மூடிக் காட்டுவார்கள், உனக்கும் காட்டியிருப்பார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடினாலே லைட் எரியும்படி சட்டம் வந்துவிட்டது. அந்தச் சைகைக்கு இனி வேலையில்லை. ஆனாலும் காட்டுகிறார்கள். உன் பேட்டரி தீர்ந்துபோகக் கூடாதென்று முகம் தெரியாதவர் ஒருவர் கவலைப்படுகிறார். எரிச்சல்படாமல் ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டுப் போ.

பெட்ரோல் தீர்ந்து ஒருவன் தள்ளிக்கொண்டு போனால், இன்னொரு வண்டிக்காரன் பின்னால் வந்து அவன் வண்டியின் புட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே பங்க் வரை கொண்டுபோய் விடுவான். யார் எவர் என்று கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. இந்த மண்ணில் நான் பார்த்து மகிழ்ந்த பழக்கங்களில் இது முக்கியமானது. ஊருக்குள் மெதுவாகச் செய். நான்குவழிச் சாலையில் மட்டும் செய்யாதே. விருதுநகரிலிருந்து எட்டூர்வட்டம் டோல்கேட் தாண்டிச் சாத்தூர் வரை லாரியும் ஆம்னி பஸ்ஸும் வருகிற வேகத்துக்கு, இரண்டு வண்டி பக்கம் பக்கமாக ஒட்டிப் போவது இரண்டு பேருக்கும் ஆபத்து. அங்கே ஓரமாக நிற்கச் சொல், இண்டிகேட்டரைப் போடச் சொல், நீ போய்ப் பெட்ரோல் வாங்கி வந்து கொடு. முடியாவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐச் சொல்லிக் கொடு. பெண்கள் தனியாக வண்டியோடு நின்றால் கொஞ்சம் தள்ளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி முகம் தெரியும்படி நின்று, என்ன உதவி வேண்டும் என்று கேள். வேண்டாம் என்றால் உடனே கிளம்பிவிடு. சுற்றிக்கொண்டு நிற்காதே.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடக்கிற கூட்டத்தை நீ பார்த்திருக்கிறாய். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற அந்தக் கோயிலுக்கு நம் மாவட்டத்து ரோடு எல்லாவற்றிலும் இரவு பகலாக ஆட்கள் நடப்பார்கள், வெறுங்காலோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. அந்த நாட்களில் ஊர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் லைட்டை டிம்மில் போட்டு, ஹாரனைத் தொடாமல், சைக்கிள் வேகத்தில்தான் கடப்பார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கிற எல்இடி பல்பை மாட்டிக்கொண்டு அந்த ரோட்டில் பிரைட்டில் போகிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. எதிரே நடந்து வருகிற பாட்டிக்கு அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாது. உன் வண்டியில் அந்தப் பல்பு இருந்தால் மாற்றிவிடு.

இனி நான் சொல்லப்போவது உன் மதுரைக் குழுவில் யாரும் சொல்லியிருக்க முடியாதது. இது பட்டாசு ஊர் ரைடருக்கு மட்டும் உள்ள கடமை.

உன் வண்டிக்குச் சைலன்சர் மாற்றியிருக்கிறாய். உன் அம்மா சொன்னாள். ஆக்சிலேட்டரை விட்டதும் டப், டப் என்று வெடிக்கிறதாம். அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற தடுப்பை எடுத்துவிட்டால், எரியாமல் வெளியே போகிற பெட்ரோல் சூடான குழாயில் பற்றி வெடிக்கும். ஓடுகிற வண்டியில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதேதான். சில நேரம் குழாய் நுனியில் தீயும் வரும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இதைக் கேட்டால் பக்கத்தில் போகிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். நம் ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் பட்டாசு ஆலைக்கு ஆள் போகாத வீடுகள் குறைவு. காலையில் வேனில் ஏறிப் போனவர் சாயந்திரம் இறங்கும்வரை வீட்டில் இருப்பவரின் காது வேலை செய்துகொண்டே இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கிணற்றடியிலும் ரேஷன் கடையிலும் பேச்சு நின்றுவிடும். கல் குவாரி வெடியா, ஆலையில் சோதித்துப் பார்க்கிற வெடியா, இல்லை அந்தச் சத்தமா என்று பிரித்துப் பார்ப்பார்கள். “எந்தப் பக்கம்?” என்பதுதான் முதல் கேள்வி. பிறகு எல்லோரும் போனை எடுப்பார்கள். ஆலைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அந்தப் பக்கம் எடுக்க ஆள் இருக்காது. அந்தப் பத்து நிமிஷம், அரை மணி நேரம் ஒரு தாய் எப்படி நிற்பாள் என்று நினைத்துப் பார். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம் என்று தேதியோடு ஊர்ப் பெயரைச் சொல்லுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் போனார்கள். அச்சன்குளத்தில் 20-க்கும் மேல். பெரிய விபத்துகளை மட்டும்தான் வெளியூர்க்காரர்கள் கேள்விப்படுகிறார்கள். ஒருவர், இருவர் என்று போனது எதையும் இங்கே யாரும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட தெருவில் நீ விளையாட்டுக்கு வெடிச் சத்தம் எழுப்பிக்கொண்டு போகிறாய். உனக்கு ஒரு நொடிச் சந்தோஷம். சமையலறையில் இருக்கிறவளின் கை அப்படியே நின்றுவிடும். புருஷனையோ மகளையோ ஆலையில் பறிகொடுத்தவள் அந்தத் தெருவில் இருந்தால், அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆலை வேலியை ஒட்டிய பாதையில் போனால் இன்னும் மோசம். உள்ளே ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, உராய்வு ஒன்றுமே வராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து செலுத்திக்கொண்டிருப்பார்கள். வெளியே மேடையில் வெடி காயும். உன் சைலன்சர் நுனியில் தீப்பொறி. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை மருமகனே. ஆலை ஊரில் வெடிச் சத்தத்தோடு வண்டி ஓட்டுகிறவனை நான் ரைடர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டப்படியும் அது குற்றம்தான், போலீஸ் அபராதம் போடலாம். அபராதத்துக்காக நான் சொல்லவில்லை.

அடுத்தது, வண்டியில் எதை ஏற்றுவது என்பது. தீபாவளி நெருங்கினால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். “சிவகாசியிலதான இருக்க, ரெண்டு பை வாங்கி வண்டில போட்டுக் கொண்டாந்துரு” என்பார்கள். மாட்டேன் என்று சொல். 2021 தீபாவளி அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பத்தில், நாட்டு வெடியை ஸ்கூட்டரில் கொண்டுபோன ஒரு தகப்பனும் முன்னால் நின்று வந்த ஏழு வயது மகனும் நடுரோட்டிலேயே இறந்துபோனார்கள். 2024 தீபாவளி அன்று ஆந்திராவில் ஏலூரில், வெங்காய வெடி மூட்டையோடு போன வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த அதிர்ச்சியிலேயே வெடித்தது. ஓட்டியவர் போய்விட்டார், வழியில் நின்றவர்களுக்கும் காயம். கையால் உருட்டிய வெடிக்குள் இருக்கிற மருந்துக்குத் தீக்குச்சி தேவையில்லை, இடியும் உராய்வும் போதும். நம் ரோட்டுப் பள்ளங்களை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆசை ஒன்றைக் காட்டுவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வைத்துத் தயாரிக்கிறவர்களுக்குக் கருந்திரி கொண்டுபோக ஆள் வேண்டும். லோடு ஆட்டோ என்றால் போலீஸ் கண்ணில் படும் என்று வண்டிப் பையன்களைப் பிடிக்கிறார்கள். சாக்குப்பையைச் சீட்டில் கட்டிக்கொண்டு ஒரு நடை போய் வந்தால் உன் ஒரு நாள் பிரஸ் கூலி வந்துவிடும். வண்டி டியூ கட்ட வேண்டியிருக்கிறதே என்று மனம் தடுமாறும். அந்த மூட்டை போய்ச் சேருகிற வீட்டில் அடுப்பு இருக்கும், குழந்தை இருக்கும், தப்பி ஓட நான்கு பக்கமும் வாசல் இருக்காது. டியூ கட்ட முடியாத மாதம் வந்தால் என்னிடம் கேள். கூச்சப்படாதே.

ஒருவேளை எங்காவது விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயசுப் பையன்களுக்கு வண்டியை அந்தப் பக்கம் திருப்பத்தான் கை போகும். உதவி செய்யும் எண்ணத்தோடுதான் கிளம்புவார்கள், அது எனக்குத் தெரியும். முதலிப்பட்டியில் இறந்தவர்களில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, காப்பாற்றலாமென்று ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்ததில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே புகை தெரிந்தால் அதை நோக்கிப் போகாதே. ஆலைக்குப் போகிற பாதை பெரும்பாலும் ஒரு வண்டி அகலம்தான். அதில் இரண்டு பக்கமும் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களால் தீயணைப்பு வண்டியும் 108-ம் உள்ளே போக முடியாமல் நிற்கும். நீயும் உன் நண்பர்களும் செய்ய வேண்டியது மெயின் ரோட்டில், பிரிவுப் பாதை முக்கில். அங்கே நின்று மற்ற வண்டிகளை ஒதுக்கிப் பாதையைத் திறந்து வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு முன்னால் விசிலடித்துக்கொண்டு வேகமாகப் போவதும் வேண்டாம். திடீரென்று நீ விழுந்தால் அது நிற்க வேண்டியிருக்கும். போனை எடுத்துப் படம் பிடிக்காதே. கருகிய உடம்பை ஊரெல்லாம் அனுப்புகிறவனை நான் என் பட்டறை வாசலில் ஏற்றமாட்டேன். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு இருக்கிறது. அடுத்த நாள் போய் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று கேள்.

ரோட்டு விபத்து வேறு. அங்கே நீ நிற்கத்தான் வேண்டும். முன்பெல்லாம் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும் என்று பயந்து நல்லவர்களும் கடந்து போனார்கள். உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று, உதவி செய்தவரைப் பேர் கேட்டுக்கூட வற்புறுத்தக் கூடாது என்கிற நெறிமுறைகளை உறுதிசெய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று பிரிவாகவே வந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் காசு கட்ட வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். விருதுநகரில் 2022-இலிருந்து மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இனி விட்டுவிட்டுப் போக ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவசரத்தில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து பைக்கில் தூக்கிக்கொண்டு போகாதே, முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த ஆட்டத்தில் கை கால் விளங்காமல் போய்விடும். மூச்சுவிடத் திணறாதவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதே. 108 வரும்வரை பின்னால் வருகிற வண்டிகளைத் தள்ளிப் போகச் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு. அவருடைய பர்ஸையும் போனையும் ஊர்க்காரர் ஒருவர் கண்ணெதிரே ஆம்புலன்ஸ்காரரிடம் கொடு.

ஹெல்மெட் பற்றி நீளமாக எழுத மாட்டேன். உனக்கும் போடு, பின்னால் ஏறுகிறவருக்கும் ஒன்று வைத்துக்கொள். லாரன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர், அரேபியாவில் சண்டை போட்டுப் பெயரெடுத்தவர். 1935 மே மாதம் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது எதிர்பாராமல் முன்னால் இரண்டு சைக்கிள் பையன்கள். அவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். ஹெல்மெட் கிடையாது. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், அந்தச் சாவை மனதில் வைத்து மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக் காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் எழுதியதுதான் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது லாரன்ஸின் அந்தக் கடைசி நொடிதான். எவ்வளவோ பெரிய வண்டியில் வந்தவர், சின்ன வண்டிக்காரர்களுக்காக ஒதுங்கினார்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். நம் ஆட்கள் கடிதத்தில் எழுதத் தயங்குவது.

1899-இல் சிவகாசியில் சாதிக் கலவரம் நடந்தது, புத்தகத்தில் படித்திருப்பாய். அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்துக்குப் பல காயங்கள். மேல்சாதித் தெருவில் தலித் மக்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தென்மாவட்டங்களில் பல ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. அதெல்லாம் பழைய காலம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரைக்கு அருகே மேலப்பிடாவூரில், புல்லட்டில் வந்த ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஆக்சிலேட்டரைப் பிடித்த கை, கிளட்சைப் பிடித்த கை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஸ்பானரைத் தொடவே மனம் வரவில்லை. ரைடர்களுக்குள் மரியாதை என்று நாம் பேசுவதெல்லாம் அந்தப் பையனுக்குச் சேராது என்றால், அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆகவே உன் வண்டியில் சாதி ஸ்டிக்கர் கூடாது. நம்பர் பிளேட்டில் நம்பர் மட்டும் இருக்கட்டும். சாதித் தலைவர் விழாக்களுக்குக் கொடி கட்டிக்கொண்டு, மூன்று மூன்று பேராக, அடுத்தவர் தெருவில் ஹாரனை அழுத்திக்கொண்டு போகிற கூட்டத்தில் உன் வண்டி இருக்கக் கூடாது. கூப்பிடுகிறவன் உன் நெருங்கிய நண்பனாகவே இருந்தாலும் சரி, அது நம் சாதியாகவே இருந்தாலும் சரி. ரோட்டில் ஒருவர் லிப்ட் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வளைத்துக் கேட்கிற அந்தக் கேள்வி என்னவென்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆலை யூனிபார்மோடு நடந்து வருகிறவரைக் கண்டால், அவர் கை காட்டாவிட்டாலும் நிறுத்திக் கேள். இந்த மண்ணில் அப்படி ஒருவரைப் பேர் கேட்காமல் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது, உன் குழுவின் கையசைப்பு எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன்.

உன் குழுவை விட்டுவிடு என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்ல பையன்கள் என்று தெரிகிறது. கடைசி ஆளை விட்டுவிட்டுப் போகாத வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த முறை அவர்கள் குற்றாலத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமோ வரும்போது சிவகாசி வழியாகக் கூட்டிக்கொண்டு வா. இருபது வண்டி வந்தாலும் சத்தமில்லாமல், ஆலைப் பாதையில் ஏறாமல், வேன் வந்தால் ஒதுங்கி வரச் சொல். ஏன் என்று கேட்டால் நீயே சொல்லு. வெளியூர்ப் பையன்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியவன் நீதான். டீயும் சாத்தூர்ச் சேவும் என் கணக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வா. கம்பெனியில் கொடுத்த பழைய சைலன்சரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், அதையும் சீட்டுக்குப் பின்னால் கட்டிக் கொண்டு வா. அரை மணி நேர வேலைதான், மாட்டித் தருகிறேன். செயினும் லூஸாக இருக்கும், அதையும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் மாமா